கழுத்தில் தொங்கிய நண்டு

பூநாரையாக இருக்கட்டும் என்றார்கள். நான் பழவேற்காட்டுப் பக்கத்துக்காரி என்று தெரிந்ததும் மாநாட்டுக் குழுவில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பறவைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வந்து, ஏரியோரம் நின்று படம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் நண்டு என்றேன்.

சென்னையில் வருடா வருடம் நடக்கும் இணையப் பாதுகாப்பு மாநாடு அது. கம்ப்யூட்டர்களிலும் போன்களிலும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் இடம். அங்கே கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தரும் பேட்ஜ், பெயர் அச்சடித்த வெறும் அட்டையாக இருக்காது. அதுவே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. விளக்கு எரியும், சத்தம் போடும், உள்ளே புதிர் ஒளிந்திருக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதைக் கேட்காமல் அதை நோண்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த வருடம் பேட்ஜை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது.

நான் தோணிரேவில் பிறந்தவள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஏரியில் நண்டும் இறாலும் பிடிக்கிறார். பொன்னேரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். மீஞ்சூர் பக்கம் மின்சார மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் போர்டுகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்து சென்னையில் கருவிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலைக்குப் போனேன். கதவில் மாட்டும் மின்பூட்டு, தொட்டிலுக்கு மேல் வைக்கும் கேமரா என்று எதையாவது மேஜைமேல் வைப்பார்கள். வெளியாள் ஒருவன் அதைத் திறக்க முடியுமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். வாரத்தில் சில நாள் ரயில், மீதி நாள் வீட்டிலிருந்து வேலை. சென்னைக்கே வந்து தங்கிவிட்டால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. நான் தங்கவில்லை. அதற்குக் காரணம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

மாநாட்டின் ஒருங்கிணைப்பாளர் எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவர். அன்றும் சிரித்தார்.

"நண்டா? நாம நடத்தறது செக்யூரிட்டி கான்பரன்ஸா, மீன் மார்க்கெட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"மீன் மார்க்கெட்ல யாரும் பாஸ்வேர்ட எழுதி மானிட்டர்ல ஒட்டி வெக்கறதில்ல சார்," என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொண்டுபோயிருந்த படத்தைத் திரையில் போட்டேன்.

அந்த மாநாட்டுக்கு நான் முதல்முறை போனபோது ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னிடம் பேசவில்லை, நானும் யாரிடமும் போகவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு நின்றார்கள். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாப்பாட்டு வரிசையில் ஒருவர் என்னைப் பார்த்து, டீ கப்பை எங்கே வைப்பது என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான். நான் அங்கே வேலை செய்கிறவள் என்று நினைத்திருக்கிறார்.

அதனால் நான் வரைந்த நண்டுக்கு இரண்டு கொடுக்கு வைத்தேன். ஒன்றில் மேடு, ஒன்றில் பள்ளம். உன் நண்டின் கொடுக்கை இன்னொருவர் நண்டின் கொடுக்கில் கோத்தால்தான் இரண்டுக்கும் கண் திறக்கும், அப்போதுதான் புதிரின் அடுத்த துண்டு கிடைக்கும். தூரத்திலிருந்து ரேடியோவில் அனுப்ப வழியே கிடையாது. முன்பின் தெரியாத ஆளின் முன்னால் போய் நின்று, "கொஞ்சம் உங்க நண்டக் காட்டுங்க" என்று கேட்டே ஆக வேண்டும். பூநாரையை வைத்து இதைச் செய்ய முடியாது என்று சொன்னேன். யாராவது முடியும் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நண்டு முடிவாயிற்று.

வீட்டில் வேறு மாதிரி எதிர்ப்பு. முதல் மாதிரி கைக்கு வந்த அன்று நைனாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொழுதுக்கும் அத்தப் புடிச்சி காலக் கட்டிகினு கீறோம். நீ அத்தயே கழுத்துல மாட்டிகினு சுத்தப் போறியா?"

"நல்லா இல்லியா நைனா?"

"நல்லாத்தான் கீது. ஆனா இத்த வாங்கறதுக்கு ஆளுங்க துட்டு குடுத்து வராங்கன்றியே, அதான் பேஜாரா கீது."

அந்த முதல் மாதிரியில் கொடுக்கு ஒடிந்தது. மெல்லிய இடத்தில் போர்டு தாங்கவில்லை. அடுத்ததில் அந்த இடத்தைத் தடியாக்கினேன். அதன் செப்புமுனைகள் எங்கள் வீட்டு ஜன்னலோரம் கிடந்தே கறுத்துப்போயின. ஏரிக்காற்றில் உப்பு அப்படி. சென்னையில் குளிர்பதன ஹாலில் ஒரு நாள் தொங்கப்போகிற பொருளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை என்றார்கள். எங்கள் வீட்டு ஜன்னலில் நிற்காத பொருளை என் பெயரில் வெளியே விட மாட்டேன் என்று முனைகளுக்குத் தங்கப் பூச்சு கேட்டு வாங்கினேன்.

போர்டுகள் சீனாவிலிருந்து சில்லுகளும் விளக்குகளும் பொருத்தி வந்து சேர்ந்தன. பேட்டரி வைக்கும் கூடு, பொத்தான், சத்தம் போடும் வில்லை, இவற்றைக் கையால்தான் பற்றவைக்க வேண்டும். அந்த வேலைக்கு சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி ஒத்துக்கொண்டிருந்தது. மாநாடு நெருங்கும்போது அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பெரிய ஆர்டர் ஒன்று வந்துவிட்டதாம். வேறு இடங்களில் கேட்டதில் எல்லோரும் மாநாடு முடிந்த பிறகு வரும் தேதியைச் சொன்னார்கள்.

ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "பரவால்ல, அப்படியே குடுத்துடலாம். பேட்டரி இல்லன்னா என்ன, ஞாபகார்த்தமா வெச்சிக்கட்டும். பாக்க அழகாத்தானே இருக்கு."

"கண்ணு திறக்காத நண்ட நான் குடுக்க மாட்டேன் சார்."

"வேற வழி இல்லயே."

"எங்க ஊர்ல வெச்சி முடிக்கறேன்."

அவர் குரலை இறக்கிப் பேசினார். "பிராக்டிகலா யோசிங்க. ஜனங்க இத லேப்டாப்ல செருகுவாங்க. வர்றவங்க எல்லாம் செக்யூரிட்டி ஆளுங்க. எங்கயோ கிராமத்துல யார் யாரோ கை வெச்சதுன்னு தெரிஞ்சா கேள்வி வரும். ட்ரஸ்ட் இஷ்யூ."

"போர்டு எங்க செஞ்சது சார்?"

"சைனாவுல."

"அங்க கை வெச்சவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது ஃபேக்டரி. அவங்களுக்குன்னு ஒரு முறை இருக்கும்."

"அவங்க முறைய நீங்க பாத்தீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தொடர்ந்தேன்.

"இங்க கை வைக்கப் போறது யாருன்னு எனக்குத் தெரியும். யார் வீடு எதுன்னு தெரியும். நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். சில்லுக்குள்ள பூட்டு போட்டிருக்கேன், என் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத புரோகிராம் அதுல ஓடாது. ஒவ்வொரு போர்டையும் சோதிச்சிட்டுத்தான் பெட்டியில வைப்பேன். உங்களுக்கு சந்தேகம் போர்டு மேல இல்ல சார்."

"பிரச்சனை வந்தா உங்க பொறுப்பு," என்றார்.

"என் பொறுப்பு," என்றேன்.

போனை வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. என் தொழிலில் 'யாரையும் நம்பாதே' என்பதுதான் முதல் பாடம். அந்தப் பாடத்தை எல்லோருக்கும் ஒரே அளவில் யாரும் பொருத்துவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக உறைத்தது.

என் அண்ணியும் அவளோடு இறால் கம்பெனி வேனில் போய்வரும் மூன்று பெண்களும் அந்த மாதம் வேலை இல்லாமல் இருந்தார்கள். கம்பெனியில் சரக்கு வரத்து இல்லை, வேன் வரவில்லை. அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லி, பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் காட்டினேன். ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்த கம்பெனிக்குத் தருவதாக இருந்த அதே கூலி என்றேன்.

"மேல சூடு பட்டுடுமா?" என்றாள்.

"ஜாக்கிரதையா புடிச்சா படாது."

"பட்டா?"

"எரியும் அண்ணி. எனக்கும் பட்டிருக்கு." விரலைக் காட்டினேன்.

பார்த்துவிட்டு, "வரேன்," என்றாள்.

மாதா கோயிலை ஒட்டி இருக்கும் புயல் பாதுகாப்புக் கட்டடத்தை நைனா ஊர்த்தலைவரிடம் கேட்டு வாங்கித் தந்தார். புயல் இல்லாத காலத்தில் அங்கே வலைகள் கிடக்கும், சீட்டாட்டம் நடக்கும். வலைகளை ஓரம் தள்ளி, பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைப் போட்டோம். மின்விசிறியைத் திருப்பி வைத்து, புகை முகத்தில் அடிக்காமல் ஜன்னல் பக்கம் போகும்படி செய்தேன். காரீயம் கலக்காத பற்றவைப்புக் கம்பியாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். ஆனாலும் நைனா வாசலில் நின்று, "இந்தப் புகை உடம்புக்கு ஆவாதுனு சொல்றாங்களே," என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் போவார்.

முதலில் உடைந்த மாதிரிகளில் பழகினார்கள். முதல் நாள் யாருக்கும் சரியாக வரவில்லை. கம்பி உருண்டையாக உருண்டு நின்றது, கூடு சாய்ந்து நின்றது, ஒருத்தி கைவைத்த பொத்தான் உருகியே போனது. அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அவளே முதலில் வந்து உட்கார்ந்திருந்தாள். கரண்ட் போனால் எல்லோரும் வெளியே வந்து உட்காருவோம். அண்ணி அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். கரண்ட் வந்ததும் உள்ளே போவோம். கொஞ்சம் கொஞ்சமாக முடிந்த நண்டுகளும் பெட்டியில் சேர்ந்தன.

சோதிக்கும் பலகையை நானே செய்திருந்தேன். நண்டை அதன்மேல் வைத்து அழுத்தினால் ஊசிமுனைகள் போர்டைத் தொடும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் பிரித்து மறுபடி. அதில் நான் யாருக்கும் சலுகை தரவில்லை, எனக்கும் தரவில்லை. என் போர்டுகளிலும் சிவப்பு வந்தது. அப்போதெல்லாம் அண்ணிக்கு ஒரே குஷி.

ஒரு நாள் இரண்டு நண்டுகளின் கொடுக்கைக் கோத்துக் காட்டினேன். கண் நான்கும் எரிந்தன. அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த மாட்டிக்கினா இன்னா ஆவும்?"

"உள்ள வுடுவாங்க அண்ணி. இல்லாதவங்கள வுட மாட்டாங்க."

"நெறய பேரு வருவாங்களா?"

"வருவாங்க."

"அதுல நாங்க இல்லியா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரிப்பதற்கு எங்கள் பக்கம் 'பாடு' என்று பெயர். அந்தப் பாடு ஆண்களுக்குத்தான். பெண்கள் வலை பின்னலாம், மீன் விற்கலாம், ஆனால் பாடு கிடையாது. இங்கேயும் அதையேதானே நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

நான்கு பேரையும் கூட்டிவரப் போகிறேன் என்று ஒருங்கிணைப்பாளருக்குச் சொன்னேன்.

"எதுக்கு? அவங்களுக்கு அங்க என்ன புரியும்? ஒரு சர்டிபிகேட் அடிச்சு லேமினேட் பண்ணிக் குடுத்துடலாம். சந்தோஷப்படுவாங்க."

"நாலு பேருக்கும் குழு பேட்ஜ் போட்டுட்டேன் சார்."

"யாரக் கேட்டு?"

"பேட்ஜ் செஞ்ச குழுவுக்குக் குழு பேட்ஜ். போன வருஷமும் அப்படித்தான். போன வருஷம் செஞ்சவங்களுக்கு அங்க என்ன புரிஞ்சதுன்னு யாரும் கேக்கல."

"இத நான் ஒத்துக்கலன்னா?"

"என் பேட்ஜையும் சேத்து எடுத்துக்குங்க. பெட்டிய அனுப்பி வெக்கறேன். நான் வரல."

அவர் ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

மாநாட்டு நாள் நான் முதல் ரயிலிலேயே போய்விட்டேன். அவர்கள் நால்வரும் அண்ணனுக்குத் தெரிந்தவர் வேனில் பின்னால் வந்தார்கள். பெரிய ஹோட்டல். மாடியில் வேலையாக இருந்தவள் அண்ணியின் போன் வந்ததும் படியில் இறங்கி ஓடினேன். வாசலில் ஹோட்டல் காவலாளி அவர்களை நிறுத்தியிருந்தார்.

"வேலைக்கு வந்தவங்க பின்வாசல் வழியா போங்கமா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேலைய முடிச்சிட்டுத்தான் வந்துகீறோம்," என்றாள் அண்ணி. கழுத்தில் இருந்த நண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இதெல்லாம் யார் வேணா மாட்டிக்கலாமே."

அண்ணி அவரோடு மேலே பேசவில்லை. பக்கத்தில் மாநாட்டுத் தொண்டராக ஒரு கல்லூரிப் பெண் நண்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளிடம் போய், "பாப்பா, உன் நண்டக் கொஞ்சம் குடு," என்றாள். அந்தப் பெண் திகைத்துப்போய் நீட்டினாள். அண்ணி கொடுக்கைக் கோத்தாள். இரண்டு நண்டுக்கும் கண் நீலமாக எரிந்தது. பார்வையாளர்களுக்குப் பச்சை, குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் நீலம். அந்தப் பெண்ணுக்கு அது தெரியும்.

"இவங்க நம்ம குழுதான் அண்ணா," என்றாள் காவலாளியிடம்.

அவர் விலகி நின்றார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். நான் செய்த கருவியை வைத்து ஒருத்தி தன்னை நிரூபித்துக்கொண்டு உள்ளே வந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அப்படி நிரூபிக்க வேண்டியிருந்ததே என்ற எரிச்சலும் கூடவே இருந்தது.

உள்ளே நினைத்ததைவிட நன்றாகவே போனது. ஹால் முழுக்கக் கொடுக்கு கோத்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கழுத்தை நோக்கி ஒருவர் குனிந்து நின்றார்கள். மதியத்துக்குள் ஒரு மாணவி, தன் நண்டின் இரண்டு கொடுக்கையும் ஒரு ஊக்கால் இணைத்து, ஆளே இல்லாமல் ஆளைச் சந்தித்ததாகப் பேட்ஜை ஏமாற்றிவிட்டாள். என்னிடம் வந்து பெருமையாகக் காட்டினாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணிக்கும் மற்றவர்களுக்கும் மேடைப் பேச்சு சலித்தது. அங்கே வந்திருந்த நிறையப் பேருக்கும் சலித்துத்தான் இருந்தது. பூட்டுகளைக் கம்பியால் திறக்கக் கற்றுத்தரும் மேஜையில் நால்வரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மாலைவரை அங்கேயிருந்து எழவில்லை.

முடிவில் நன்றி சொல்லும்போது ஒருங்கிணைப்பாளர் அவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். "கிராமத்துப் பெண்களுக்கு நம்ம மாநாடு இந்த வருஷம் ஒரு வாய்ப்பு குடுத்திருக்கு," என்றார். கைதட்டல் ஆரம்பித்தது. நான் மேடை ஓரத்தில்தான் நின்றிருந்தேன். போய் மைக்கை வாங்கினேன். அவர் தந்துவிட்டார்.

"வாய்ப்பு நாம குடுக்கல. கம்பெனி கைய விரிச்சப்ப வேலைய முடிச்சுக் குடுத்தது இவங்கதான். இவங்க தோணிரேவுக்காரங்க. கூலிக்கு வேலை செஞ்சாங்க, நல்லா செஞ்சாங்க. கைதட்டறதா இருந்தா அதுக்குத் தட்டுங்க."

தட்டினார்கள். முன்னைவிடக் குறைவாகத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அது பரவாயில்லை. இறங்கி வரும்போது படம் எடுக்கிறவர் அண்ணியிடம், மீன்கூடை ஏதாவது இருந்தால் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூடைய வெச்சிகினு பத்தவெக்க முடியாதுங்க," என்றாள் அண்ணி. நால்வரும் வெறுங்கையோடு நின்றார்கள். அந்தப் படம் எங்கேயும் வந்ததாகத் தெரியவில்லை.

பிறகு, பெங்களூரில் நடக்கும் இன்னொரு மாநாட்டுக்காரர்கள் பேட்ஜ் வேலையைச் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அண்ணியும் மற்றவர்களும் தயார். ஆனால் இந்த முறை ஊர்த்தலைவர் புயல் கட்டடத்தின் சாவியைத் தர மறுத்தார். ஊர்ச் சொத்தில் கம்பெனி வேலை நடக்கக் கூடாதாம். சீட்டாட்டம் அங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. நைனா இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

ஊர்க்கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. அண்ணி போனாள். மூவரும் அவளோடு போனார்கள், நானும் போனேன். ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நைனாவும் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வேணும்?" என்றார் தலைவர்.

"சாவி," என்றாள் அண்ணி.

"அதான் முடியாதுனு சொல்லி அனுப்பிச்சனே."

"எம் மாமனாரு கிட்ட சொன்னீங்க. எங்க கிட்ட சொல்லல. புயலு வந்தா நாங்களும் அதுலதான் வந்து படுக்கறோம். ஊர்ச் சொத்துனா எங்களுதும்தான்."

நெடுநேரம் பேசினார்கள். சிலர் கத்தினார்கள். ஒருவர் எழுந்து போய்விட்டார். நாங்கள் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. கடைசியில் சாவி கிடைத்தது. பகலில் மட்டும், பண்டிகை நாள் கிடையாது, மழைக்காலத்தில் கிடையவே கிடையாது என்றார்கள். மற்றதற்கெல்லாம் தலையாட்டிவிட்டோம். மழைக்காலத்துக்கு மட்டும் அண்ணி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.